சின்னக்கண்ணுவின் சர்க்கரை

“எங்கப்பா சர்க்கரையிலதான் செத்தாரு! இன்னொரு வாட்டி வேற மாதிரி பேசினே, தம்பி பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன்!”

“பாக்காதீங்க அண்ணி. யாரு பாக்கச் சொன்னது? ஆனா மாமா சாராயத்துல செத்தாரு. நான் வாய மூடிக்கினா அது மாறிடுமா?”

“மெதுவா பேசுடி!”

“கத்துறது நீங்க.”

இருவருமே கத்தினார்கள். எதிர்வீட்டு மிக்சி பாதிச் சட்னியில் நின்றது. பக்கத்து வீட்டில் துணி எடுக்க வந்தவள், காய்ந்த துணியையே உதறி மறுபடியும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூரில் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி எந்த டிவியிலும் வராது.

வீடு எல்லம்மாளுடையது. சரியாகச் சொன்னால், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கோதண்டராமனுடையது. எல்லம்மாள் அதில் முப்பத்துமூன்று வருடமாக மூச்சுச் சத்தம் கேட்காமல் குடித்தனம் செய்பவள். கோதண்டராமன் மதுவின் தீமைகள் பற்றிக் கையில் குறிப்புத்தாள் இல்லாமலே முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர். பள்ளி ஆண்டு விழாவில் பேசிப் பேசி, கடைசியில் பிள்ளைகள் அவர் வாயைத் திறக்கும்போதே கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று. நல்ல வேளையாக அன்று அவர் பேங்குக்குப் போயிருந்தார்.

வந்தவள் ரேணுகாம்பாள். எல்லம்மாளின் தம்பி தசரதனின் மனைவி. திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கி, படுக்கை விரித்து, வெள்ளைக்காரர்களுக்குக் கஞ்சி வைக்கிறாள். அன்று வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, ஒன்பதரை பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் பை, பைக்குள் கேஸ் கட்டு.

“ஒரே ஒரு பேப்பர் அண்ணி. உங்கப்பாவுக்குச் சர்க்கரை இல்லைன்னு ஒரு அபிடவிட். வக்கீலே எழுதிடுவாரு. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

“சர்க்கரை இல்லைன்னா, அப்புறம் எதுல செத்தாருன்னு கேக்க மாட்டானா?”

“கேப்பான்.”

“அப்ப?”

“அப்ப இன்னா, உள்ளத சொல்றது.”

எல்லம்மாள் வாசல் கதவைச் சாத்தினாள். அடுத்த மாதம் அவள் மகள் அபிநயாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் போளூர். பெண் வீட்டில் குடி உண்டா என்று முதல் நாளே கேட்டவர்கள். கோதண்டராமன் நெஞ்சை நிமிர்த்தி, “எங்க பக்கமும் இல்ல, பொண்ணோட அம்மா பக்கமும் இல்ல” என்று சொன்னார். காபித் தட்டோடு நின்ற எல்லம்மாள் அப்போது கீழே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சங்கதி இதுதான். தசரதன் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனான். எட்டரை வருடம் கழித்து, காஷ்மீர் எல்லையில் பனியில் மயங்கி விழுந்தான். ராணுவ ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை நானூறுக்கு மேல். சேரும்போது பரிசோதித்த உடம்பில் ஒரு குறையும் இல்லை. எட்டரை வருடம் பனியும் தூக்கமில்லாத காவலும், அவன் சொல்வது போல உயிர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத பயமும் சேர்ந்து கொண்டுவந்த வியாதி. ஆனால் மெடிக்கல் போர்டு அவனை வீட்டுக்கு அனுப்பியபோது, காகிதத்தில் வேறு வரி இருந்தது: இந்த நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல, தகப்பனாருக்கும் இருந்த நோய். பத்து வருடம் முடியாததால் மற்ற பென்ஷனும் கிடையாது. ஊனப் பென்ஷனும் இந்த ஒரு வரியால் கிடையாது. முதல் மேல்முறையீடு போனது, திரும்பியது. இரண்டாவது போனது, திரும்பியது. காகிதங்களைக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இருபது வருடம் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் காவலுக்கு நின்று விசில் ஊதினான் தசரதன். பிறகு யாரோ ஒரு பழைய பட்டாளத்துக்காரர் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சொல்லி, சென்னையில் செழியன் என்ற வக்கீலைக் காட்டினார்.

“சட்டம் நம்ம பக்கம்தாம்மா” என்று செழியன் ரேணுகாம்பாளிடம் சொல்லியிருந்தார். “ஆனா அந்த ஒரு வரி முள்ளு மாதிரி நிக்குது. அவரே சொல்லியிருக்காரு, அப்பாவுக்கு இருந்துச்சுன்னு. இப்ப இல்லைன்னு அவரே சொன்னா, பென்ஷனுக்காக மாத்திப் பேசுறார்னுதான் சொல்லுவாங்க. பெத்த பொண்ணு, கூட இருந்து பாத்தவங்க, அவங்க சொல்லணும். அது வர்ற வரைக்கும் நாமதான் வாய்தா கேட்டுட்டு நிக்கிறோம்.”

வாய்தா கேட்டுக்கொண்டு நிற்கலாம். கால் நிற்க வேண்டுமே.

தசரதனின் வலது காலில் உணர்ச்சி போய் நாலு வருடம் ஆகிறது. தை மாதம் ஆணி ஏறியது தெரியாமலே ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறான். பெருவிரல் கறுத்தது, பக்கத்து விரல் கறுத்தது. இரண்டு விரலை எடுத்துவிட்டால் காலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். “கேஸ் முடியட்டும்” என்றான் தசரதன். “ரெண்டு காலோட பட்டாளத்துக்குள்ள போனேன், ரெண்டு காலோட வெளிய அனுப்பினாங்க. ரெண்டு காலோடதான் கோர்ட்ல நிப்பேன். நொண்டியா நின்னு இரக்கத்துல வாங்குறது எனக்கு வேணாம்.” மூன்று வாய்தா ஆகிவிட்டது. இப்போது பாதம் முழுக்க என்றார் டாக்டர். இன்னும் தள்ளினால் முழங்காலுக்குக் கீழே, அதற்கும் மேல் தள்ளினால் காலைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இருக்காது என்றார்.

இதையெல்லாம் ரேணுகாம்பாள் அழாமல் சொன்னாள். எல்லம்மாள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்:

“அவன் வாயாலதானடி சொன்னான்? அப்பாவுக்குச் சர்க்கரைன்னு அவன்தான சொன்னான்? அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?”

ரேணுகாம்பாள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். சொல்லக்கூடாது என்று தசரதன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான். தன் தலைதானே, போனால் போகட்டும் என்று முடிவு செய்தாள்.

“ஏன் சொன்னாருன்னு தெரியுமா அண்ணி? அந்த ஆஸ்பத்திரியில டாக்டரு இந்திக்காரரு. இவருக்கு ஜொரத்துல இந்தி வரல. டாக்டரு கேக்குறத தமிழ்ல கேட்டு எழுதின பட்டாளத்துக் கம்பவுண்டரு யாரு தெரியுமா? உங்க மாமியாரோட ஒண்ணுவிட்ட அண்ணன் மவன். ராஜமாணிக்கம்.”

எல்லம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“கல்யாணமாயி ஒம்பது வருஷம் உங்களுக்குப் புள்ள இல்ல. உங்க மாமியா உங்கள எப்படா அனுப்பலாம்னு சாக்கு தேடினு இருந்த நேரம். உங்கப்பா எப்படிச் செத்தாருன்னு ராஜமாணிக்கம் கேக்குறாரு, பேனாவ வச்சிக்கினு. இவரு இன்னா சொல்லுவாரு? சாராயம்னு சொன்னா அடுத்த லெட்டர்ல அது இந்த வீட்டுக்கு வந்துடாதா? சர்க்கரைன்னாரு. உங்க வீட்ல எல்லாரும் சொல்லிக் குடுத்த அதே சர்க்கரை. அதுல அவரு பென்ஷன் போச்சு. உங்க தாலி நின்னுச்சு.”

எல்லம்மாள் எழுந்து வாசல் கதவைத் திறந்தாள். சொன்னது ஒரே வார்த்தை:

“போ.”

ரேணுகாம்பாள் போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இனிமேல் யாரிடம் கேட்பது என்று யோசித்தாள். மாமியார் இல்லை. தச்சம்பட்டுப் பக்கத்தில் மாமனார் இருந்த கிராமத்து வீடே இல்லை, வேர்க்கடலை போட்டு மல்லாட்டைக் கொல்லையாகிவிட்டது. மாமனாரோடு குடித்தவர்கள் எல்லாரும் மாமனாருக்கு முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சங்கத்தில் சாட்சிக்கு ஒருவர்கூட மிஞ்சவில்லை.

வீட்டில் தசரதன் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு ஷூவுக்கும் போடுவான். வலது ஷூ காலில் ஏறி ஆறு மாதம் ஆகிறது, ஆனாலும் அதற்குத்தான் கூடுதல் பளபளப்பு. அறையில் ஊதுவத்தி நாலு எரிந்தது. தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று ரேணுகாம்பாள் காலை மாலை கொளுத்தி வைப்பாள். அந்தக் காலின் வாசனையும் ஊதுவத்தி வாசனையும் சேர்ந்து மூன்று வீடு தள்ளித் தெரியும் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்கள் தெருவிலும் நாலு நல்லவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தெரியாத மாதிரி இருந்தால்தான் அடிக்கடி போய் விசாரிக்க முடியும்.

“எங்க போயிருந்தே?”

“கெஸ்ட் ஹவுஸுக்கு.”

“கெஸ்ட் ஹவுஸ்காரரு போன் பண்ணாரு. வயித்துவலி எப்படி இருக்குன்னு.”

அவள் பிளாஸ்டிக் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

“கீழ்பென்னாத்தூருக்குப் போனியா?”

“போனேன்.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

தசரதன் பாலிஷ் பிரஷ்ஷை டப்பாவுக்குள் வைத்து மூடினான். கத்துவான் என்று பார்த்தாள். கத்தவில்லை. சாயங்காலம் இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தபோது கையை இழுத்துக்கொண்டான்.

“வேணாம்.”

“இன்னா வேணாம்?”

“ஊசி வேணாம். எங்கக்கா குடும்பத்த தெருவுல இழுத்துப் போட்டுட்டு நான் ஒரு பேப்பர் வாங்கணுமா? இருவத்திநாலு வருஷம் நான் வாயத் தொறக்கல. நீ ஒரு பஸ் டிக்கெட்ல தொறந்துட்டே.”

“நீங்க வாயத் தொறக்காம இருந்ததுக்கு உங்க கால் அழுவுது, தெரியுதா? மூக்கு இருக்குதா உங்களுக்கு?”

“இது என் கேஸு.”

“உங்க கேஸுதான். ராத்திரி பகலா கட்டு மாத்துறது மட்டும் என் கேஸா?”

ஊசி போடவில்லை. அன்று போடவில்லை, மறுநாள் காலையிலும் போடவில்லை. மதியத்துக்குள் அவன் வாய் உலர்ந்து பேச்சு குழறியது. ரேணுகாம்பாள் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கோபியைக் கூப்பிட்டு, இருவருமாகத் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டு ஊசி போட்டார்கள். எட்டரை வருடம் துப்பாக்கி பிடித்த தோள். ஒரு கையால் பிடித்தே அடக்க முடிந்தது என்று கோபி பிறகு தெருவில் சொன்னார். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் அது அபூர்வம்.

அன்று மாலை செழியன் போன் செய்தார். “அடுத்த வாரம் வியாழக்கிழமை வாய்தா. இதுக்கு மேல தள்ளக் கேட்டா நல்லா இருக்காது. பேப்பர் இல்லைன்னா இருக்கிறத வச்சு வாதாடிடலாம். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்.”

“தோத்துட்டா?”

“அதுக்கு மேல போகலாம். இன்னும் ரெண்டு மூணு வருஷம்.”

“அவருக்கு ரெண்டு மூணு மாசமே இல்ல சார்” என்றாள். பேப்பர் கிடைத்தால் அங்கேயே எழுதிக்கொள்ளட்டும் என்று, செழியன் திருவண்ணாமலை கோர்ட்டில் இருக்கும் தன் ஜூனியரின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தார்.

திங்கட்கிழமை பௌர்ணமி. ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிட, கால் உள்ளவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு மலையைச் சுற்றக் கிளம்பினார்கள். கெஸ்ட் ஹவுஸில் ஏழு படுக்கை விரித்துவிட்டு எட்டாவதுக்கு உறை மாற்றும்போது ரேணுகாம்பாளின் போன் அடித்தது. எல்லம்மாள்.

“நான் உங்க ஊரு கோர்ட்டு வாசல்ல நிக்கிறேன். உங்க வக்கீலு ஆளு எங்கடி?”

கோதண்டராமன் வீட்டில் எந்தப் பயணத்துக்கும் காரணம் கேட்கப்படும். எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சுவர்க் காலண்டரில் குறிக்கப்படும். கிரிவலத்துக்கு மட்டும் கேள்வி கிடையாது. மலையைச் சுற்றப் போகிறேன் என்றால் தலைமையாசிரியரே சில்லறை எடுத்துக் கொடுப்பார். எல்லம்மாள் முப்பத்துமூன்று வருடத்தில் அவரிடம் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய் எது என்று உங்களுக்குத் தெரியும்.

அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். நெற்றியில் விபூதி, கையில் பூப்பை. பார்ப்பவர்களுக்குக் கிரிவலக்காரி வழி தவறிக் கோர்ட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. செழியன் சொல்லி வைத்திருந்த உள்ளூர் ஜூனியர் மணிவேல் ஒரு டைப்பிஸ்ட்டின் மேஜை முன்னால் இருவரையும் உட்கார வைத்தான். சுற்றிலும் ஜாமீனுக்கு வந்தவர்கள், பாகப்பிரிவினைக்காரர்கள், டீக்கடைக்காரர், அவர் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள்.

டைப்பிஸ்ட்டுக்குக் காது மந்தம். அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டுக் கேட்டு அடித்தார்.

“அப்பா பேரு சின்னக்கண்ணு. செத்தது தொண்ணூத்தொண்ணு. எதுல செத்தாரு?”

“குடியினால” என்று மணிவேல் சொன்னான்.

“எப்பவாவது குடிப்பாருன்னு போடுங்க” என்றாள் எல்லம்மாள்.

“எப்பவாவது குடிக்கிறவன் அதுல சாவ மாட்டான்மா” என்றான் மணிவேல். “எதிர்த்தரப்பு சிரிப்பாங்க.”

“அப்ப, நல்ல நாள் பெரிய நாள்ல.”

“அதுவும் பத்தாது.”

எல்லம்மாள் பூப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். “வாரத்துக்கு ரெண்டு நாள்.”

“பத்தாதும்மா.”

“சந்தைக்குப் போற அன்னிக்கு. அப்புறம் வர்ற அன்னிக்கு.”

டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ரேணுகாம்பாள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு டீக்குள்ளேயே போய்விட்டது. எல்லம்மாள் ஏலத்தில் படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு படியாக ஏறினாள். வாரம் மூன்று நாள். சாயங்காலம் சாயங்காலம். காலையிலும். ஒவ்வொரு படிக்கும் அவள் கழுத்து கொஞ்சம் உள்ளே போனது. ‘தினமும்’ என்ற வார்த்தைக்கு வந்தபோது நின்றுவிட்டாள்.

“சர்க்கரை இல்லைன்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க” என்றான் மணிவேல். “அதுக்கு ஏதாவது சொல்லணும்.”

“வெல்லம் தின்னாரு.”

“எப்போ?”

“சாவுற வரைக்கும்.” எல்லம்மாள் மேஜையைப் பார்த்துப் பேசினாள். “அம்மா குடிய மறைக்கறதுக்காக, தெருவுல எல்லாருக்கும் கேக்கற மாதிரி, ‘அவருக்கு இனிப்பு ஆவாது’ன்னு சொல்லிட்டு சக்கரை போடாத டீய எடுத்துனு போயி குடுக்கும். அவரு அத தூக்கி வீசிட்டு வெல்லம் இருந்தாதான் ஆச்சுன்னு கத்துவாரு. ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தாங்க. சர்க்கரைலாம் ஒண்ணும் இல்ல, ஈரல் போச்சு, இனிமே ஒரு சொட்டு உள்ள போவக் கூடாதுன்னாங்க. வீட்டுக்கு இட்டுனு வந்துட்டோம். கை காலு உதறும். கட்டில் ஆடும். அம்மா களையெடுக்கப் போயிடும். தம்பி பள்ளிக்கூடம். நான்தான் இருப்பேன். ‘எல்லு, ஒரே ஒரு வாட்டி’ம்பாரு.”

டைப்பிஸ்ட்டின் விரல் நின்றது. இந்த முறை அவருக்கு நன்றாகவே கேட்டது.

“நான்தான் போயி வாங்கினு வருவேன். பாக்கெட்டா, தூக்குச் சட்டியில. மேல வெல்லத்த வச்சி மூடினு வருவேன், யாராவது பாத்தா வெல்லம்னு நெனைக்கட்டும்னு. இருவது நாளு. இருவதாம் நாளு வாயில ரத்தமா வந்துச்சு. எங்கம்மாவுக்கே தெரியாது. எதுல செத்தாருன்னு யாரு கேட்டாலும் சர்க்கரைன்னு நான்தான் மொதல்ல சொன்னேன். கல்யாணத்துக்காகன்னு எல்லாரும் நெனைச்சாங்க. கல்யாணத்துக்கு அது ஒதவினது அப்புறந்தான். மொதல்ல, நான் வாங்கிக் குடுத்தது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் சொன்னேன்.”

இத்தனை வருடமாக நாத்தனாரின் வறட்டுக் கௌரவம் என்று ரேணுகாம்பாள் நினைத்திருந்த சங்கதி இதுதான். ரேணுகாம்பாளுக்கு அவளைத் தொடலாமா என்று தெரியவில்லை. பூப்பையை மட்டும் அவள் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தினமும்னு போடுங்க” என்றாள் எல்லம்மாள். “சாராயம்னே போடுங்க. வேற அழகா எதுவும் போடாதீங்க.”

நோட்டரி முத்திரை குத்தினார். லேபில் எல்லம்மாளுக்கும் ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. அதன் பிறகு, ரேணுகாம்பாள் செருப்பு வாங்கிக் கொடுத்தும் போடாமல், சொன்ன பொய்க்கு வட்டி மாதிரி, பதினாலு கிலோமீட்டரும் சுற்றிவிட்டுத்தான் எல்லம்மாள் பஸ் ஏறினாள். ஆனால் அவள் சுற்றி முடிப்பதற்குள் செய்தி கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டது. டீக்கடைக் கூட்டத்தில் போளூர் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டியவர் ஒருவர் பாகப்பிரிவினைக்கு வந்திருந்தாராம். அவர் பாகம் இன்னும் பிரிந்தபாடில்லை. இந்தக் காரியம் அன்றே முடிந்தது.

வியாழக்கிழமை தசரதன் சென்னையில் இரண்டு ஷூவோடு போய் நின்றான். வலது ஷூவின் பின்பக்கத்தைக் கத்தியால் கிழித்து, கட்டோடு காலை உள்ளே நுழைத்திருந்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்டது அவனுக்குக் காரில் ஏறும்வரை தெரியாது. தெரிந்ததும், “வண்டிய நிறுத்துங்க, நான் வரல” என்றான். ரேணுகாம்பாள் அபிடவிட் நகலை அவன் கையில் கொடுத்தாள். செஞ்சி தாண்டும்வரை படித்துக்கொண்டே வந்தான். ஒன்றரைப் பக்கம்தான். திண்டிவனத்தில், “வெல்லத்துக்கு அடியில வச்சினு வந்துச்சா?” என்று மட்டும் கேட்டான். “அந்தத் தூக்குச் சட்டிய நான்தான் கழுவி வப்பேன். ஒரு வாசன வரும். என்னான்னு அப்ப தெரியல.”

உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. செழியன் கால் மணி நேரம் பேசினார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பழைய வரியைப் படித்தார். செழியன் புதிய ஒன்றரைப் பக்கத்தைப் படித்தார். ‘தினமும்’ என்ற வார்த்தை வந்தபோது தசரதன் சுவரைப் பார்த்தான். நோய் பணியால் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், ஊனப் பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு அன்றைக்கே சொல்லப்பட்டது. ரேணுகாம்பாளுக்கு ஆங்கிலம் புரியவில்லை. செழியன் தலையாட்டியது புரிந்தது. அதற்கடுத்த நிமிடம் தசரதன் விறைப்பாக நின்று சல்யூட் வைத்ததும், வைத்த கை இறங்குவதற்குள் அவன் கிழிந்த ஷூவிலிருந்து தரையில் ஈரம் பரவியதும் புரிந்தது.

அங்கிருந்தே ஆஸ்பத்திரி. பாதத்துக்கு நேரம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் நின்றது. “கோர்ட்டுக்கு ரெண்டு காலோட போனேன் இல்ல?” என்று மயக்கம் தெளிந்ததும் கேட்டான். ரேணுகாம்பாள் ஆமாம் என்றாள். பிறகு வராந்தாவுக்கு வந்து, மூன்று வாய்தாவுக்கும் சேர்த்து அழுதாள்.

பென்ஷன் உத்தரவு வர எட்டு மாதம் ஆனது. வலது ஷூவை அவன் இன்னும் தூக்கிப் போடவில்லை. பாலிஷ் மட்டும் போடுவதில்லை.

மற்றவர்கள் கதை கேட்பீர்களே. போளூர் சம்பந்தம் நின்றுபோயிற்று. கோதண்டராமன் மனைவியிடம் பேச்சை நிறுத்தினார். முக்கால் மணி நேரம் பேசத் தெரிந்தவர் ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. குடித்த அப்பனைக்கூட மன்னிப்பாராம், முப்பத்துமூன்று வருடம் மறைத்ததை மன்னிக்க மாட்டாராம். ஏழாவது மாதம் எல்லம்மாள் ஒரு பெட்டியோடு திருவண்ணாமலைக்கு வந்துவிட்டாள். தம்பி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அறை. காலையில் ரேணுகாம்பாள் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனதும் இவள் போய்த் தம்பிக்கு ஊசி போடுகிறாள்.

அபிநயாவை மறு வருடம் ராஜமாணிக்கத்தின் மகன் குமரேசன் கட்டிக்கொண்டான். ஆமாம், அதே ராஜமாணிக்கம். கல்யாணப் பந்தியில் ரேணுகாம்பாள் அவருக்குப் பாயசம் ஊற்றப் போனபோது, சர்க்கரை இருக்கிறது வேண்டாம் என்று டம்ளரை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே சொன்னார்:

“உம் மாமனார எனக்கு அப்பவே தெரியும்மா. அவரு மல்லாட்டை மூட்டை ஏத்தினு திருவண்ணாமலை வர்றப்ப, நான் லீவுல இருந்தா ஒரே கடையிலதான் குடிப்போம். தசரதன் சர்க்கரைன்னதும் எனக்குச் சிரிப்பு. சரி, அப்பன் மானத்தக் காப்பாத்துறான்னு அவன் சொன்னத அப்படியே எழுதிக் குடுத்தேன். நான் யாருகிட்டயும் மூச்சு விடலியே?”

ரேணுகாம்பாள் பாயச வாளியோடு அடுத்த இலைக்குப் போனாள். இதைக் கணவனிடமும் சொல்லவில்லை, நாத்தனாரிடமும் சொல்லவில்லை. பந்தியில் பக்கத்து இலையில் இருந்தவர்கள் காதில் விழுந்ததற்கு அவள் பொறுப்பல்ல.

அபிநயாவும் குமரேசனும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். கோதண்டராமன் கீழ்பென்னாத்தூர் வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டுவிட்டு மீதியில் தனியாக இருக்கிறார். பௌர்ணமிதோறும் மலை சுற்ற வருகிறார். எங்கள் தெரு கிரிவலப் பாதையில் இல்லை. ஆனாலும் வெறுங்காலோடு ஒரு தடவை இதன் வழியாக நடந்துவிட்டுத்தான் போகிறார். எல்லம்மாள் அந்த நேரம் பார்த்து வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறாள், சாயங்காலம் நாலரை மணிக்கு.